வாசிக்கவே சொல்லாமல் கொடுத்த டிஸ்லெக்சியா ரிப்போர்ட்

பிள்ளைக்குப் படிப்பில் சிக்கல் என்று கற்றல் குறைபாடு பரிசோதனைக்குப் போகிறவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் மகனிடம் வாயால் கேட்டால் பாடம் முழுக்கச் சொல்வான். அதையே வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டித் திணறுவான். வகுப்பாசிரியை சொன்னதால் ஒரு தனியார் மையத்துக்குப் போனோம். முழுமையான நரம்பியல் உளவியல் மதிப்பீடு (நினைவு, கவனம், மொழி, வாசிப்பு என எல்லாவற்றையும் சோதிப்பது) என்று சொல்லி மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். ஒரு மணி நேரத்துக்குள் பையனை வெளியே அனுப்பிவிட்டார்கள். செய்தது வெறும் ஐக்யூ டெஸ்ட். ஒரு பத்தி வாசிக்கச் சொல்லவில்லை, ஒரு வரி எழுதச் சொல்லவில்லை. கண், காது பரிசோதித்தாயிற்றா என்று எங்களைக் கேட்கவில்லை. பள்ளியிடமும் எதுவும் விசாரிக்கவில்லை.

ரிப்போர்ட்டில் ஒற்றை ஐக்யூ எண், அதன் கீழே 'டிஸ்லெக்சியா, ஏடிஹெச்டி'. முதலாவது வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு, இரண்டாவது கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும். நடுவில் சில இடங்களில் என் மகனை 'அவள்' என்று எழுதியிருந்தது. வேறு யாரோ ஒரு பெண் குழந்தையின் ரிப்போர்ட்டில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்! கையோடு மூளைப் பயிற்சி பேக்கேஜ், வாசிக்கும்போது போட்டுக்கொள்ள வண்ணக் கண்ணாடி, உடனே சேர்ந்தால் தள்ளுபடி.

ஐக்யூ எண்ணை மட்டும் வைத்து டிஸ்லெக்சியா என்று சொல்லவே முடியாது. வாசிக்கும் வேகம், பிழைகள், பொருளில்லாத சொற்களை வாசிப்பது, சொல்லை ஒலிகளாகப் பிரிப்பது, எழுத்துப்பிழை என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். 2013இல் வந்த டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடு) வரையறைப்படி, தனிக் கவனம் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தும் சிக்கல் 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். பார்வை, செவிக் குறைகள் காரணமில்லை என்றும் உறுதியாக வேண்டும். ஏடிஹெச்டி என்றால் 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்து, வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். பள்ளியைக் கேட்காமலே இவர்களுக்கு எப்படித் தெரிந்தது? வண்ணக் கண்ணாடி டிஸ்லெக்சியாவுக்கு உதவும் என்பதற்கு ஆதாரமில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர், கண் மருத்துவர் அமைப்புகள் 2009லேயே கூட்டறிக்கை விட்டிருக்கின்றன.

பணம் போனதைவிட எனக்கு ஆறாதது வேறு. வெக்ஸ்லர் என்ற ஐக்யூ டெஸ்டில் மொழித்திறன், வொர்க்கிங் மெமரி (கேட்டதைச் சற்று நேரம் மனதில் வைத்துக் கையாள்வது), வேகம் என்று பகுதி வாரியாக மதிப்பெண் உண்டு. சராசரி 100. ஒன்றில் 120, இன்னொன்றில் 80 வாங்கிய பிள்ளைக்கும் மொத்தத்தில் 'நார்மல்' என்று வந்துவிடலாம். பிள்ளை எங்கே தடுமாறுகிறான் என்பது அந்தப் பகுதி மதிப்பெண்களில்தான் தெரியும். அவற்றைக் கேட்டால் 'கொடுப்பதில்லை' என்கிறார்கள். சரி, வேறு சைக்காலஜிஸ்டிடம் போனால், அதே டெஸ்டை உடனே திரும்பச் செய்யக்கூடாது, பழகிவிட்டதால் மதிப்பெண் கூடிக் காட்டும், இடைவெளி வேண்டும் என்றார். வாசிப்புச் சோதனைகளை மட்டும் அவர் பொறுமையாகச் செய்தார். முழு ரிப்போர்ட் இல்லாததால், தேர்வில் கூடுதல் நேரம் கேட்ட விண்ணப்பம் பள்ளியில் அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு தேர்விலும் பாதித் தாள் காலியாக இருக்க வெளியே வருகிறான்.

எந்தெந்த டெஸ்ட் செய்வீர்கள், யார் செய்வார், அவர் தகுதி என்ன, பகுதி மதிப்பெண்கள் ரிப்போர்ட்டில் இருக்குமா, பள்ளியிடம் பேசுவீர்களா என்று முதலிலேயே எழுத்தில் கேளுங்கள். 'அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று பதில் வந்தால் அங்கே பணம் கட்டாதீர்கள். எங்களுக்கும் அதைத்தான் சொன்னார்கள்.