இடுப்புக்குழித் தசை வலி: லிக்னோகெய்ன் ஊசியா, போட்டாக்ஸா?

ஸ்கேன் சுத்தம், சிறுநீர்ப் பரிசோதனையும் சுத்தம். ஆனாலும் ஆறு மாதத்துக்கு மேலாக அடிவயிற்றுக்குக் கீழே இழுத்துப் பிடிக்கிறது. குடியாத்தத்தில் பீடி முறத்தை மடியில் வைத்து நாளெல்லாம் உட்கார வேண்டியவருக்கு இது உட்காரவே விடாத வலி. சிறுநீர்ப்பையையும் குடலையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசை இறுகியிருக்கிறதா என்று ஸ்கேன் சொல்லாது, விரல்தான் சொல்லும். பிறப்புறுப்பு வழியே, ஆண்களுக்கு ஆசனவாய் வழியே, மருத்துவர் ஒற்றை விரலால் அழுத்தும்போது "இதே வலிதான்" என்று தோன்றினால் மட்டுமே ஊசிப் பேச்சு. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

முதலில் லிக்னோகெய்ன், அதாவது இடத்தை மரத்துப்போகச் செய்யும் மருந்து. 1 சதவீத மருந்து, தசையில் இறுகி வலிக்கும் ஒவ்வொரு முடிச்சுக்கும் சுமார் 1 மி.லி. மொத்தம் 10 மி.லி. போனாலும் 100 மி.கி.தான், 50 கிலோ எடைக்கு உச்ச வரம்பு 225 மி.கி. ரத்தம் வருகிறதா என்று பின்னுக்கு இழுத்துப் பார்த்த பிறகே மருந்தைச் செலுத்த வேண்டும். பத்து நிமிடம் கழித்து அதே இடத்தை மறுபடி அழுத்தச் சொல்லுங்கள். வலி அடங்கியிருந்தால் தசைதான் காரணம். இடம் மரத்தும் பழைய வலி அப்படியே நின்றால் கருப்பை, சிறுநீர்ப்பை, குடல் பக்கம் தேட வேண்டும். சிகிச்சையே சோதனையாகவும் அமைவது இந்த மலிவு ஊசியின் பெரிய பலம். மருந்து நரம்புப் பக்கம் கசிந்தால் சில மணி நேரம் கால் தளரும். அன்று டூவீலர் வேண்டாம், பஸ்ஸுக்குத் துணையோடு போங்கள்.

தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் பல மடங்கு விலை. 100 யூனிட் குப்பியில் 2 மி.லி. சலைன் கலந்தால் 0.1 மி.லி.க்கு 5 யூனிட். பலன் தெரியச் சில நாள் ஆகும், சுமார் மூன்று மாதம் நிற்கும். சிக்கலும் அப்படித்தான்: சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், வாயுவோ மலமோ கசிவது என்று வந்தால் வாரக்கணக்கில் பொறுத்தாக வேண்டும், முறிக்க மருந்தில்லை. மயஸ்தீனியா என்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. மருந்தை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும்; வேலூர் கத்திரி வெயிலில் பையில் போட்டுக் கொண்டுபோனால் பணம் வீண், ஐஸ் பெட்டி அவசியம். 2006இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 60 பெண்களில் ஒரு பாதிக்கு 80 யூனிட், மறுபாதிக்கு வெறும் சலைன். இரு தரப்புக்கும் வலி குறைந்தது. இவர்களுக்கிடையே தெளிவான வித்தியாசம் நிற்கவில்லை. அதனால் போட்டாக்ஸை முதல் ஊசியாகப் பரிந்துரைக்க மாட்டோம். லிக்னோகெய்னில் நிஜமாகவே தணிந்து, இரண்டு மூன்று முறையும் சீக்கிரமே திரும்பிய வலிக்குத்தான் அது.

எந்த ஊசியானாலும் பிசியோதெரபி இல்லாமல் முடிச்சு திரும்ப இறுகும். பலர் தவறுவது இங்கேதான்: இடுப்புத்தளத்தைச் சுருக்கிப் பிடிக்கும் கீகல் பயிற்சி தளர்ந்த தசைக்கு உரியது; இறுகிய தசையை அது இன்னும் இறுக்கும். மல்லாந்து, முழங்கால் மடக்கி, வயிறு உப்ப மூச்சிழுத்து, இடுப்புத்தளம் கீழே இறங்குவதை உணருங்கள். காலையும் மாலையும் ஐந்தைந்து நிமிடம்.