சோலார் 4ஜி கேமரா: தோட்டத்தில் நாள்பட ஓட்டினால் தெரிவது

மோட்டார் கொட்டகையிலும் ஆட்டுப்பட்டியிலும் மாட்டிய முதல் மாதம் எந்த சோலார் கேமராவும் பிரமாதமாகத்தான் இருக்கும். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கழிந்த பிறகுதான் அதன் குணம் தெரியும்.

முதல் தொல்லை வீண் எச்சரிக்கை. பேட்டரி மிச்சமாக வேண்டும் என்று இந்தக் கேமராக்கள் தூங்கிக்கொண்டே இருக்கும். பிஐஆர் சென்சார் வெப்ப அசைவை உணர்ந்தால்தான் விழித்துப் படம் எடுத்து, உள்ளே இருக்கும் சிம் வழியாகப் போனுக்கு எச்சரிக்கை அனுப்பும். எதிரே வெயிலில் காயும் தகரமோ ஆடும் கிளையோ இருந்தால் பகல் முழுக்க போன் கத்தும். பத்து நாளில் யாரானாலும் சத்தத்தை அணைத்துவிடுவார்கள். ஆள் உள்ளே வரும் ராத்திரியில் போன் ஊமையாகக் கிடக்கும். ஆப்பில் சென்சிட்டிவிட்டியைக் குறைப்பது கடைசி வழி. முதலில் கிளையை வெட்டுங்கள், கேமராவைத் திருப்புங்கள், எச்சரிக்கையை இரவு நேரத்துக்கு மட்டும் வையுங்கள்.

குறுக்கே நடப்பவரை பிஐஆர் சட்டென்று பிடிக்கும், நேராகத் தன்னை நோக்கி வருபவரைத் தாமதமாகத்தான் பிடிக்கும். அதனால் கேமராவை வழிக்கு நேர் எதிரே வைக்காமல் பக்கவாட்டில், இரண்டரை முதல் 3 மீட்டர் உயரத்தில் மாட்ட வேண்டும். பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் 10 மீட்டருக்கு அப்பால் நம்ப வேண்டாம். வெயில் 35 டிகிரியைத் தாண்டும்போது உடம்புச் சூட்டுக்கும் சுற்றியுள்ள சூட்டுக்கும் வித்தியாசம் குறைந்து சென்சார் இன்னும் மந்தமாகும்.

இரவில் எதிரி சிலந்தி. லென்சுக்கு முன்னால் ஒற்றை நூல் தொங்கினாலும் கேமரா வீசும் அகச்சிவப்பு வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, படம் வெள்ளைப் புகையாகிவிடும். மாதம் இருமுறை பெயிண்ட் பிரஷ்ஷால் ஒட்டடை தட்டினால் போதும். இந்த வெளிச்சம் தரும் எல்இடி அலைநீளத்தைப் பொறுத்து இரண்டு வகை. 850 நானோமீட்டர் எல்இடி இருட்டில் மங்கலான சிவப்புப் புள்ளியாகத் தெரியும். 940 கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எட்டும் தூரம் குறைவு. கேட்டுக்கு 850 நல்லது. கேமரா இருப்பது தெரியட்டுமே.

பேனலும் கேமராவும் ஒட்டியே வரும் மாடல் வேண்டாம். உள்ளே இருப்பது லித்தியம் செல், வெயிலில் வெந்தால் சீக்கிரம் கொள்ளளவு இழக்கும். பேனல் வெயிலிலும் கேமரா நிழலிலும் இருக்கும்படி தனித்தனியாக, இடையில் ஒயர் ஓடும் வகையே நிலைக்கும். தொடர்ந்து மேகமூட்டமாக இருந்தால் ஒரு பதிவின் நீளத்தை 10 விநாடியாகக் குறையுங்கள். டவர் சிக்னல் பலவீனமான இடத்தில் பேட்டரி இன்னும் வேகமாக இறங்கும்.

சிம் வேலிடிட்டி முடிந்தாலும் சில கேமராக்கள் ஒன்றும் சொல்லாது. எச்சரிக்கை வரவில்லை என்பதற்காக நிம்மதியாக இருக்க முடியாது. வாரம் ஒருமுறை முன்னால் நடந்து, போனுக்கு வருகிறதா என்று பாருங்கள். மெமரி கார்டை மட்டும் நம்பினால், கேமராவைப் பிடுங்கிப் போகிறவனோடு சாட்சியும் போய்விடும். பதிவு உடனே கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பில், ஏறும் வசதி அவசியம்.

கேமரா தடுக்காது, சொல்லும், அவ்வளவுதான். நாம் போய்ச் சேரும்வரை ஆளை நிறுத்தி வைப்பது இரும்பு வேலை. பல தோட்டத்துக் கேட்டுகள் மேல்நோக்கி நிற்கும் இரண்டு கீல் முளைகளில் சும்மா உட்கார்ந்திருக்கும். பூட்டைத் தொடாமலே தூக்கிக் கழற்றிவிடலாம். மேல் முளையைக் கீழ்நோக்கித் திருப்பி மாட்டினால் கேட்டைத் தூக்க முடியாது. கொண்டியை ஸ்குரூவில் பொருத்தாமல், தலை வழவழப்பான போல்ட்டை வெளியிலிருந்து ஊடுருவ விட்டு உள்பக்கம் நட் முடுக்குங்கள். மரையின் நுனியைச் சுத்தியலால் நசுக்கிவிட்டால் நட் கழலாது.