ஐஸ்லாந்தில் குடும்பப் பயணம்: தென்கரையா, முழு வட்டச் சாலையா?

ஐஸ்லாந்தைக் காரில் சுற்றிப் பார்க்க விரும்பும் குடும்பத்தினர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, தென்கரை வழியே சென்று அதே வழியில் திரும்புவதா, அல்லது 1974-இல் முழுமை பெற்ற, ஏறத்தாழ 1,320 கிலோமீட்டர் நீளமுள்ள, தீவைச் சுற்றிச் செல்லும் வட்டச் சாலையை வலம் வருவதா என்பதையே.

தென்கரையில் இடங்கள் நெருங்கி அமைந்துள்ளன. சுமார் 60 மீட்டர் உயரமுள்ள செல்யாலண்ட்ஸ்ஃபாஸ் அருவியின் பின்புறமாகவே நடந்து செல்லலாம். சாரல் ஆளையே நனைத்துவிடும் என்பதால் குழந்தைகளுக்கு மழைக்கோட்டு கட்டாயம் வேண்டும். அரை மணி நேரத்தில் ஸ்கோகாஃபாஸ் அருவி வந்துவிடும். அதற்கப்பால், 1783-இல் வெடித்த லாக்கி எரிமலையின் குழம்பு உறைந்து, தடித்த பாசி போர்த்திய வெளியாகச் சாலையின் இருபுறமும் விரிகிறது. ரேனிஸ்ஃபியாரா கருமணல் கடற்கரையில் மட்டும் பிள்ளைகளின் கையை விடவே கூடாது; அங்கு அலைகள் முன்னறிவிப்பின்றிப் பாய்ந்து ஆட்களை இழுத்துச் சென்றிருக்கின்றன.

வடக்கே பயண நேரம் கூடுகிறது. கிழக்குக் கடற்கழிகளை ஒட்டிய வளைவுகளில் சிறுவர்கள் சோர்ந்துவிடுவார்கள். ஆயினும், பூமி கொதிப்பதைக் கண்ணெதிரே காட்டுவது வடக்கிலுள்ள மீவாட்ன் ஏரிப் பகுதிதான். அங்குள்ள ஹ்வெரிர் என்ற இடத்தில் சாம்பல் நிறச் சேறு குமிழியிட்டுக் கொதிக்க, கந்தக நெடி மூக்கைத் துளைக்கும். 44 மீட்டர் உயரமும் 100 மீட்டர் அகலமும் கொண்ட டெட்டிஃபாஸ் அருவியின் கலங்கல் வெள்ளத்துக்கு முன் தெற்கத்திய அருவிகள் மென்மையானவையே.

ஒரு வாரத்துக்குள் திரும்ப வேண்டியவர்களுக்கும் கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் தென்கரையே உகந்தது. பத்து நாள் கிடைத்து, பிள்ளைகளும் வளர்ந்திருந்தால், கோடையில் முழு வட்டத்தையே தேர்ந்தெடுங்கள். குளிர்காலத்தில் வடக்கு, கிழக்கு மலைப்பாதைகள் பனியால் அடிக்கடி மூடப்படும்.