ஏழு மாதம் சொட்டிய குழாயும் டுடூயிஸ்ட்டும்

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். எந்நேரமும் மூன்று நான்கு புத்தகங்கள் கையில் இருக்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கட்டத்தில். இவற்றையும் வீட்டு வேலைகளையும் முன்பு வுண்டர்லிஸ்ட் என்ற பணிப் பட்டியல் செயலியில் குறித்து வைத்திருந்தேன். அதை 2015இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2020 மே 6ஆம் தேதியோடு அது மூடப்பட்டது. அப்போதுதான் அதே வேலையைச் செய்யும் டுடூயிஸ்ட் செயலிக்கு வந்தேன்.

வந்ததும் நான் செய்த முதல் காரியம், பழைய ஃபோல்டர்களை எல்லாம் இங்கேயும் கட்டி எழுப்பியது. ஒரு ஞாயிறு முழுக்க அதிலேயே போனது. இங்கே பணிகளைப் போட்டு வைக்கும் பட்டியலுக்கு ப்ராஜெக்ட் என்று பெயர். ஒரு ப்ராஜெக்ட்டைப் பிடித்து இன்னொன்றின் அடியில் விட்டால் துணை ப்ராஜெக்ட் ஆகிவிடும் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீடு, அதற்குள் ரிப்பேர், அதற்குள் சமையலறை. ஆளுக்கொரு நிறம் வேறு. சமையலறைக்குள் இருந்ததோ ஒரே ஒரு பணி: "குழாய்".

ஏழு மாதம் அது அங்கேயே கிடந்தது. குழாயும் பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்று கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தவள் நான்தான், செயலி என்ன செய்யும்? தவிர, "குழாய்" என்று எழுதினால் என்னதான் செய்வது? எப்போதாவது கண்ணில் பட்டாலும், ஆமாம் குழாய் என்று நினைத்துக்கொண்டு கடந்துவிடுவேன். ஒருநாள் அதை அழித்துவிட்டு, "பிளம்பருக்குப் போன் போட்டு, சமையலறைக் குழாய் சொட்டுவதைச் சொல்" என்று எழுதி நாளைய தேதி கொடுத்தேன். மறுநாளே வந்து பார்த்தார். வாஷர் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான்.

அன்றைக்கே அந்த அடுக்குமாடியை இடித்தேன். இப்போது முடிவு உள்ள வேலைக்கு மட்டும்தான் ப்ராஜெக்ட். ஒரு புத்தகம் ஒரு ப்ராஜெக்ட். அச்சுக்குப் போனதும் ஆர்கைவ் செய்துவிடுவேன். பணிகள் அழியாது, பக்கப் பட்டியலில் மட்டும் இருக்காது. இலவசக் கணக்கில் ப்ராஜெக்ட் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு என்பதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். என்னைப் போன்ற ஆளுக்கு அது கடிவாளம்.

புத்தகத்துக்குள் நான்கு செக்‌ஷன்கள்: முதல் மெய்ப்பு, ஆசிரியரிடம் கேட்க, இரண்டாம் மெய்ப்பு, அனுப்ப. இந்தச் செயலியால் என்ன பயன் என்று யாராவது கேட்டால் இரண்டாவது செக்‌ஷனைத்தான் காட்டுவேன். "பக்கம் 87: கதாநாயகியின் தங்கைக்கு இங்கே வயது 12, பக்கம் 31இல் 14" என்கிற மாதிரி ஐயங்கள் படிக்கப் படிக்க வந்துகொண்டே இருக்கும். முன்பு துண்டுச் சீட்டில் எழுதித் தொலைப்பேன். இப்போது அந்த இடத்திலேயே தட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை மொத்தமாக ஒரே போனில் கேட்டு முடிக்கிறேன். # போட்டுப் புத்தகத்தின் பெயர், சாய்வுக்கோடு போட்டுச் செக்‌ஷன் பெயர் என்று அடித்தால் பணி நேராகப் போய் அங்கே உட்கார்ந்துகொள்ளும்.

போன், வெளியே, அலுப்பு: இவை என் லேபிள்கள். @ போட்டு எழுத வேண்டும். மூன்றாவது, மூளை ஓடாத மாலை நேரத்துக்கு. பக்க எண் சரிபார்ப்பது, பழைய கோப்புக்குப் பெயர் மாற்றுவது எல்லாம் அதில். எந்தப் புத்தகத்தின் வேலையானாலும் லேபிளைத் தொட்டால் ஒரே பட்டியலாக வந்துவிடும். ஃபோல்டரால் இது ஆகாது. ஃபோல்டரில் ஒரு பொருள் ஒரு இடத்தில்தான் இருக்கும்.

தேதி விஷயத்தில் ஒரு சின்ன சூட்சுமம் உண்டு. பணியைத் தமிழில் எழுதினாலும் தேதியை ஆங்கிலத்தில் அடித்தால்தான் அதற்குப் புரியும். திரும்பத் திரும்ப வரும் வேலைக்கு "எவ்ரி" என்று போடுவோம் இல்லையா, அதை ஒட்டி ஓர் ஆச்சரியக்குறி போட்டால் கணக்கே மாறிவிடும். தண்ணீர் ஃபில்டரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கெடு ஜனவரி 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் சோம்பேறித்தனமாக 25ஆம் தேதி மாற்றுகிறேன். ஆச்சரியக்குறி இல்லாவிட்டால் அடுத்தது ஏப்ரல் 5. இருந்தால், முடித்த நாளிலிருந்து எண்ணி ஏப்ரல் 25. வாடகைக்கு முதலாவது, ஃபில்டருக்கு இரண்டாவது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

முன்னுரிமைக் கொடிகள் எனக்கு ஒத்துவரவில்லை. சிவப்பு, ஆரஞ்சு, நீலம் என்று இருக்கிறது. பதற்றத்தில் எல்லாவற்றுக்கும் சிவப்பே போட்டுவிடுகிறேன். கெடு தவறியவற்றை மொத்தமாக வேறு நாளுக்குத் தள்ளும் பொத்தானும் "இன்று" பக்கத்திலேயே இருக்கிறது. அதில் கை வைக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, இன்று காலைகூட ஆறு பணிகளைத் தள்ளினேன்.