மயிலாப்பூர் சிறுதானிய மெஸ்: சாப்பாடு அருமை, அந்த போர்டை மட்டும் எடுத்துடுங்க

லஸ் பக்கத்துல ஒரு சந்துக்குள்ள இருக்கற இந்த சின்ன மெஸ்ஸுக்கு ரெண்டு மாசத்துல ஏழெட்டு தடவை போயிட்டேன், பெரும்பாலும் அம்மாவோட. அம்மாவுக்கு பத்து வருஷமா சுகர், வெளிய சாப்பிடறதுன்னாலே எங்களுக்கு பெரிய யோசனைதான், அதனால இந்த கடை கெடச்சதுல அவ்ளோ சந்தோஷம்.

வரகு சாம்பார் சாதம் 90 ரூபா. சின்ன வெங்காயம் முழுசு முழுசா கெடக்கும், குழைஞ்சு போகாம பதமா இருக்கும், மேல ஒரு ஸ்பூன் நெய். சாமை தயிர் சாதத்துக்கு மோர் மிளகாய், கம்பங்கூழ்ல புளிப்பு கரெக்டா இருக்கு. வாழைப்பூ பொரியலுக்காகவே நான் திரும்ப திரும்ப போறேன்.

ஆனா கல்லாவுக்கு மேல ஒரு போர்டு, "சர்க்கரை உள்ளவர்கள் அளவில்லாமல் சாப்பிடலாம்"னு. பரிமாறற அண்ணனும் அதையேதான் சொல்றாரு, "நல்லா சாப்பிடுங்கம்மா, சிறுதானியம்தானே, சுகர் ஏறவே ஏறாது." மொத தடவை அம்மா அத நம்பி தினைப் பொங்கல் ரெண்டு ப்ளேட் சாப்பிட்டு, கருப்பட்டி போட்ட கேழ்வரகு கஞ்சியும் ஒரு டம்ளர் குடிச்சாங்க, ரெண்டு மணி நேரம் கழிச்சு வீட்ல குத்திப் பாத்தா 247. மாத்திரை போட்டும்! அன்னிக்கு பூரா அம்மா மொகமே சரியில்ல, எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அரிசியோ வரகோ கேழ்வரகோ, எல்லாத்துலயும் பெரும்பகுதி இருக்கறது மாவுச்சத்துதான், அதாவது குளுக்கோஸை சங்கிலி மாதிரி கோத்து வச்சது. வாய்ல மெல்லும்போதே எச்சில் அத உடைக்க ஆரம்பிச்சுடும், வெறும் சாதத்தை ரொம்ப நேரம் மென்னா லேசா இனிக்கும் பாருங்க, அதான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல போட்ட அட்டவணைல சமைக்காத 100 கிராம் வெள்ளை அரிசில கார்ப் (கார்போஹைட்ரேட், அதாவது மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்த்து) 78 கிராம், வரகு கேழ்வரகுல 66 கிட்ட. வித்தியாசம் அவ்ளோதான். சிறுதானியத்தோட பலமே நார்ச்சத்து, அரிசில 3 கிராம் கூட இல்ல, கேழ்வரகுல 11 கிராம், அது செரிமானத்தை மெதுவாக்கும், சுகர் சட்டுனு ஏறாது. அதையே நைஸா மாவா அரைச்சு கஞ்சியா காய்ச்சிட்டா வேகமா செரிச்சு சுகரும் வேகமா ஏறும். கருப்பட்டியும் வெல்லமும் பெரும்பாலும் அதே சர்க்கரைதான், நெறம்தான் வேற. இது தெரியாம எத்தனை வீட்ல பெரியவங்க கருப்பட்டி காபி குடிச்சிட்டு இருக்காங்க.

அதுக்காக கார்பே தொடாதீங்கன்னு நான் சொல்ல வரல. மூளை ஓடறதே முக்கியமா குளுக்கோஸ்லதான், பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 130 கிராம் கார்ப்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலே (ஐசிஎம்ஆர்) சொல்லுது. எவ்ளோ சாப்பிடறோம், அதுகூட சேர்த்து என்ன சாப்பிடறோம்ங்கறதுதான் விஷயம்.

அடுத்த தடவை போனப்போ வரகு சாதம் ஒரே கப், மொதல்ல வாழைப்பூ பொரியல், அப்பறம் கீரைக் கூட்டு, கொண்டைக்கடலை சுண்டல், கஞ்சி வேணாம்னுட்டோம். ரெண்டு மணி நேரம் கழிச்சு 164! அம்மாவுக்கு அவ்ளோ நிம்மதி, அன்னிலேர்ந்து எப்ப போனாலும் அதே ஆர்டர்தான்.

ஓனர் அண்ணாகிட்ட போர்டை எடுக்கச் சொல்லி நேர்லயே கேட்டேன், பாக்கறேன்மான்னாரு, போன வாரம் வரைக்கும் அப்படியேதான் இருக்கு. அண்ணா, உங்க சாப்பாட்டுக்கே கூட்டம் வரும், அந்த ஒரு வரி வேணாம், சுகர் இருக்கறவங்க உங்கள நம்பி வராங்க. ப்ளேட்டுக்கு எவ்ளோ கிராம் சாதம்னு எழுதி வச்சீங்கன்னா எங்கள மாதிரி ஆளுங்களுக்கு பெரிய உதவி.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஞாயித்துக்கிழமை ஒரு மணிக்கு மேல போனா வாழைப்பூ காலி ஆயிடும், பன்னெண்டரைக்கே போயிடுங்க.