‘தி கிட்’ ப்ளூ-ரே: டிஸ்க் எப்படி, மொட்டை மாடியில் போடுவது எப்படி

சாப்ளினின் ‘தி கிட்’ (1921) மௌனப் படத்தை கிரைடீரியன் நிறுவனம் 2016-ல் ப்ளூ-ரேயாக வெளியிட்டது. வாங்குமுன் பார்க்க வேண்டியது ரீஜன், அதாவது டிஸ்க் எந்தப் பகுதி நாடுகளின் பிளேயரில் ஓடும் என்ற குறியீடு. இந்த டிஸ்க் ரீஜன் ஏ. இந்தியாவுக்கு உரியது ரீஜன் சி. வேலூர்ப் பக்கம் காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ வாங்கிய சாதாரண பிளேயரில் இது ஓடாது; எல்லா ரீஜனும் ஓடும் பிளேயரைத் தயார் செய்துகொண்டு ஆர்டர் போடுங்கள்.

4கே தரத்தில் புதுப்பித்த படம். குழந்தையின் முகத்தில் கண்ணீர் வழிந்த தடம்கூடத் தெரிகிறது. அநாதை இல்லத்து வண்டியில் ஏற்றப்பட்ட ஜாக்கி கூகன் (அந்தக் குழந்தையாக நடித்தவர்) கைகளை நீட்டிக் கெஞ்சும் காட்சிக்காகவே இந்தத் தெளிவு வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மங்கல் பிரதிகள் பலவற்றில் வேகமும் தவறு, பொருந்தாத இசையும் ஒட்டியிருக்கும்.

டிஸ்கில் இருப்பது 53 நிமிடப் பதிப்பு. 1971-ல் சாப்ளினே பையனின் தாய் வரும் காட்சிகள் சிலவற்றை வெட்டி, இசையும் அமைத்தார். வெட்டியவை தனியே தரப்பட்டுள்ளன. முதலில் படம், பிறகே அவை. இடையில் செருகினால் பையனுடைய கதையின் ஓட்டம் அறுந்துவிடும்.

விலைக்குத் தகுந்த பொருள் கூகனைப் பற்றிய காணொளிக் கட்டுரைதான். 1914-ல் பிறந்தவர், படப்பிடிப்பின்போது நான்கைந்து வயது. ‘தி கிட்’ வெளியான அடுத்த ஆண்டே ‘ஆலிவர் ட்விஸ்ட்’ படத்தில் நடித்தார். காதை மூடும் முடி, பெரிய தொப்பி, தொளதொளக் கால்சட்டை என்று அந்த உருவத்தையே ஸ்டூடியோக்கள் விற்றன. அதனால் உடம்பு வளர்ந்ததும் வாய்ப்பு வற்றியது. 1927-ல் முடிவெட்டையே கதையாக்கி ஒரு படம் எடுத்தார்கள். சம்பாதித்தது 30 முதல் 40 லட்சம் டாலர் என்று மதிப்பிடுகிறார்கள். அன்றைய கலிஃபோர்னியா சட்டப்படி பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றோருக்கே சொந்தம். 1935-ல் தந்தை கார் விபத்தில் இறந்தார். 1938-ல் தாய் மீதும் மாற்றாந்தந்தை மீதும் வழக்குப் போட்டும் கைக்கு வந்தது சுமார் 1,26,000 டாலர்தான். குழந்தை நடிகரின் வருமானத்தில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கிக் காக்கும் சட்டம் 1939-ல் வந்தது. இன்றும் அதைக் கூகன் சட்டம் என்றே அழைக்கிறார்கள். நம்மூரில் பிள்ளைகளை ரியாலிட்டி ஷோவுக்கு அனுப்பும் பெற்றோர் இந்தப் பகுதியைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கேமராவின் கைப்பிடியை மெதுவாகச் சுழற்றிப் படமெடுத்து, திரையில் வேகமாக ஓட்டும் உத்தியை விளக்கும் பகுதியும் அருமை. சாப்ளினின் ஓட்டம் ஏன் அவ்வளவு துள்ளலாக இருக்கிறது என்பது அதில் விளங்கிவிடும்.

வாடகை புரொஜெக்டரில் போடுகிறவர்களுக்கு: படத்தின் அளவு 4:3. 16:9-க்கு இழுத்து வைத்தால் எல்லா முகமும் உப்பிப்போகும். திரை 2 மீட்டர் அகலம் என்றால் படம் 1.5 மீட்டர்தான் வரும். இரு ஓரமும் கறுப்பாக இருப்பதே சரி. டிவியில் பார்த்தால் அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஓட்டத்தின் துள்ளலைக் கெடுத்துவிடும். வேலூர் கத்திரி வெயிலில் மாடித் தரை இருட்டிய பிறகும் கொதிக்கும். புரொஜெக்டரைத் தரையில் வைக்காமல் மேசை மேல் வையுங்கள், காற்றுத் துளையைச் சுவரோடு ஒட்டாதீர்கள். சூடேறினால் பாதியில் தானாக அணைந்துவிடும். ஏழேகாலுக்கு முன் தொடங்கினால் படம் வெளிறும்.

காட்சிகளுக்கு நடுவே வசனம் காட்டும் எழுத்து அட்டைகள் ஆங்கிலம். சிறுவர்களுக்குத் தமிழில் உரக்கச் சொல்ல ஒருவர் இருக்கட்டும். அட்டை திரைக்கு வந்த பிறகு சொன்னால் போதும். முந்திச் சொன்னால் சிரிப்பு போய்விடும்.