6,999 ரூபாய் கட்டி வாங்கிய 'ஆன்லைன் தூக்க சிகிச்சை': வீட்டில் பெரியவர்கள் இருந்தால் படித்துவிடுங்கள்

அப்பாவுக்கு 73 வயது. அம்மா போனதிலிருந்து தூக்கம் சரியில்லை. பத்து மணிக்குப் படுத்தால் ஒன்றரைக்கு விழிப்பு, அப்புறம் விடியும்வரை திண்ணைதான். இரண்டு வருடமாக தினமும் அல்பிரசோலம் 0.5 என்ற தூக்க மாத்திரை போடுகிறார். 'மாத்திரை இல்லாமல், ஆறே வாரத்தில், சிபிடி முறையில்' (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிச் சரிசெய்யும் சிகிச்சை) என்று வந்த விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டியது நான்தான்.

சிபிடியைக் குறை சொல்லவில்லை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு, வயதானவர்களுக்கும் சேர்த்து, முதலில் கொடுக்க வேண்டிய சிகிச்சை அதுதான் என்று அமெரிக்க மருத்துவர்கள் அமைப்பான 'அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ்' 2016-லேயே சொல்லியிருக்கிறது. ஆன்லைனில் ஒழுங்காக நடத்தினாலும் பலன் உண்டு. எங்களுக்கு வந்தது வேறு: மழைச் சத்தம் போட்ட பதினெட்டு வீடியோ, வாட்ஸ்அப்பில் 'தெரபிஸ்ட்' என்று ஒரு பெண்.

இரண்டாம் நாளே அவர், "மாத்திரையை இன்றோடு நிறுத்துங்க அங்கிள், உடம்பு பழகிடும்" என்றார். அப்பாவும் நிறுத்திவிட்டார். மூன்றாம் ராத்திரி கை நடுக்கம், வேர்வை, பொட்டுத் தூக்கமில்லை. பாத்ரூம் வாசலில் தடுமாறி, நிலையைப் பிடித்துக்கொண்டதால் தப்பினார். காலையில் மருத்துவர் என்னைத்தான் திட்டினார். இந்த மாத்திரையைப் பழகியவர்கள் சட்டென்று விட்டால் வலிப்பே வரலாம். டாக்டர் பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டுமாம்.

மருத்துவர் இன்னொன்று சொன்னதும் எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. 'எட்டு மணிக்கே படுங்க, தூக்கம் வராவிட்டாலும் எழுந்திருக்காதீங்க' என்பது அந்த ஆன்லைன்காரர்கள் அறிவுரை. உண்மையான சிபிடி முறை இதற்கு நேர் எதிர். எட்டு மணி நேரம் கிடந்து ஐந்து மணி நேரம்தான் தூங்குகிறவரை ஐந்தரை மணி நேரம் மட்டும் படுக்க வைப்பார்கள். படுத்த நேரத்தில் சுமார் 85 சதவீதம் தூக்கம் என்று ஆனதும் கால் மணி கால் மணியாகக் கூட்டுவார்கள். தூக்கம் வராவிட்டால் கட்டிலை விட்டு எழுந்துவிட வேண்டும். தூக்கத்தில் மூச்சு நிற்பது, வலிப்பு, அடிக்கடி விழுவது இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டுதான் ஆரம்பிக்கவே வேண்டும். எங்களிடம் கேட்டது யுபிஐ ஐடி மட்டும்.

இதற்கெல்லாம் அடிப்படை தினசரித் தூக்கக் குறிப்பு. அவர்கள் கேட்கவே இல்லை. ஆனால் அப்பா தானாகவே பழைய பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்: '1.40 விழிப்பு. 3.10 நாய். 4.30 பால்காரர்.' மருத்துவர் அதைத்தான் வாங்கிப் படித்தார்.

பணம் கட்டும் முன் சிகிச்சை தருபவரின் பெயரையும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் (ஆர்சிஐ) பதிவு எண்ணையும் கேளுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் அது இருக்க வேண்டும். நான் கேட்டபோது 'எங்கள் டீம் தொடர்புகொள்ளும்' என்று பதில் வந்தது. மாதாமாதம் பணம் தானாகப் போகிற ஆட்டோபே போட்டிருந்தால் யுபிஐ செயலியிலேயே ரத்து செய்யலாம். நான் பார்ப்பதற்குள் அடுத்த மாதத்துக்கு 999 போய்விட்டது. ரீஃபண்ட் கேட்டதும் வாட்ஸ்அப்பில் பிளாக். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். இப்போதைக்குக் கையில் இருப்பது புகார் எண் மட்டும்.